உண்டியல் குலுக்கத்தான் உரிமையா?

அடிபட்ட போலீஸ்காரருக்குச் சேரி காசு போடணுமா, கூடாதா? இந்தக் கேள்வி வந்தால் நம்ம பசங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சி நிக்கறாங்க. பணியில் இருந்தபோது படுகாயம், வெளிநாட்டில் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் பிழைப்பார், இயன்றதை அனுப்புங்கள் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால் போதும். "நம்மள லத்தியால அடிச்சப்ப எங்க போச்சி இந்த எரக்கம்? பைசா தரமாட்டேன்" என்கிறான் ஒருத்தன். "அவனும் நம்ம தெருவுல பொறந்து பரிச்சை எழுதிப் போனவன்தான்டா" என்கிறான் இன்னொருத்தன். குயிலாப்பாளையத்தில் இருந்துகொண்டு ரெண்டு பேச்சையும் கேட்கிறவன் நான். ரெண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய ஆளை ரெண்டு பேருமே கேட்காமல் விடுகிறார்கள். அந்த ஆள் அரசு.

முதலாமவனின் கோபத்தை யாரும் தப்புச் சொல்ல முடியாது. 1992 ஜூன் 20 வாச்சாத்தி. 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளம். 1999 ஜூலை 23 தாமிரபரணி. 2011 செப்டம்பர் 11 பரமக்குடி. காவல்துறையை ஏவல்துறை என்று நாம் எழுதியது எதுகைக்காக அல்ல. 2013 ஏப்ரல் 25ஆம் தேதி மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்தபோது, தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இந்தக் கடற்கரையில் இன்றைக்கும் கேட்கிறார்கள். இத்தனையும் மனசில் வைத்திருக்கிறவனிடம் போய், "மனிதாபிமானமா நடந்துக்கப்பா" என்று உபதேசம் பண்ணுவது அயோக்கியத்தனம்.

இரண்டாமவன் சொல்வதையும் தள்ள முடியாது. லத்தி ஓங்கியவன் யார், ஓங்கச் சொன்னவன் யார் என்ற வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 18 சதவீத இடஒதுக்கீட்டில் இரண்டாம் நிலைக் காவலராகப் போகிறவர்கள் நம்ம பிள்ளைகள். உப்பளத்தில் அப்பனும் அம்மாவும் கால் வெடிக்க நின்று படிக்க வைத்த பிள்ளைக்கு, காக்கிச் சட்டைதான் எட்டுகிற அரசு வேலை. அங்கே போனால் என்ன மரியாதை? ஆர்டர்லி முறையை 1979லேயே ஒழித்துவிட்டதாக அரசாணை போட்டார்கள். 2022ல் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆர்டர்லியை ஒழிக்கச் சொல்லி மறுபடியும் அரசை இடிக்க வேண்டியிருந்தது. 43 வருசமாக ஐயா வீட்டு நாயைக் குளிப்பாட்டினதும் காய்கறி வாங்கி வந்ததும் யார் வீட்டுப் பிள்ளைகள்? வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்கிற சாதாரண விசயத்துக்கே 2021 நவம்பர் வரை அரசாணைக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்த ஆளுக்கு அடிபட்டால் என்ன நடக்கும்? 2010 ஜனவரி 7ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நெல்லை மாவட்டம் அம்பாசமுத்திரம் பக்கம் உதவி ஆய்வாளர் வெற்றிவேலை, வேறொரு அதிகாரி என்று நினைத்து, ஒரு கும்பல் வெடிகுண்டு வீசி வெட்டிப்போட்டது. அந்த வழியாக வந்த அமைச்சர்களின் கார்கள் நின்றன. அதிகாரிகளும் இறங்கினார்கள். ரோட்டில் ரத்தத்தில் கிடந்தவர் உதவி கேட்டுக் கையை நீட்டுகிறார். உடனே தூக்க ஒருத்தரும் கிட்டே போகவில்லை. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அவர் பிழைக்கவில்லை. காக்கி போட்டிருந்தாலும் கீழே இருக்கிறவன் கீழே இருக்கிறவன்தான்.

சரி, இந்த வசூலை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் காவலர்களேதான். ஒரே வருசம் பயிற்சி முடித்த பேட்ச் காவலர்கள் வாட்ஸ்அப்பில் குழு வைத்து, ஆளுக்கு 500, 1000 என்று போட்டு, செத்துப்போன சகாவின் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பதை அடிக்கடி பத்திரிகையில் பார்க்கிறோம். நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏன் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது? காவல் படையினர் முன் அனுமதியில்லாமல் தொழிற்சங்கம் சேரக்கூடாது, மீறினால் சிறை என்று 1966ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. பக்கத்துக் கேரளத்தில் 1979லிருந்து காவலர் சங்கம் இருக்கிறது, அங்கே வானம் இடிந்து விழவில்லை. இங்கே மட்டும், "எங்கள் வைத்தியச் செலவு முழுக்க உன் பொறுப்பு" என்று அரசிடம் கூட்டாகக் கேட்கிற வாய் கட்டப்பட்டிருக்கிறது. சங்கம் வைக்க உரிமையில்லை, உண்டியல் குலுக்க உரிமை உண்டு!

காப்பீடு இருக்கே என்பார்கள். அரசு ஊழியருக்கு 2021ல் தொடங்கிய திட்டத்தில் 4 வருசத்துக்கும் சேர்த்து 5 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் என்று வைத்தார்கள். அதற்கும் மாசாமாசம் அவன் சம்பளத்தில்தான் பிடித்தம். முதுகெலும்பு முறிந்தவனுக்கும் தீயில் வெந்தவனுக்கும் ஒரு ஆபரேஷனோடு முடிகிறதா? 1984ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உடம்புக்கு முடியாமல் படுத்தபோது தனியாக விமானம் ஏற்பாடு செய்து அமெரிக்கா கொண்டுபோனார்கள். நியூயார்க் புரூக்ளினில் சிறுநீரகம் மாற்றி, 1985 பிப்ரவரியில் கூட்டி வந்தார்கள். நம்ம சனம் கோயிலில் மண்சோறு தின்று வேண்டிக்கொண்டது. செலவுக்காக உண்டியல் தூக்கிக்கொண்டு யாரும் சேரிக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. முதலமைச்சர் உயிர் அரசின் பொறுப்பு, ஏட்டு உயிர் வாட்ஸ்அப்பின் பொறுப்பு. இது என்ன கணக்கு?

வெளிநாடு என்ற வார்த்தையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கணும். எங்க ஊருக்கு அது பெரிய மந்திரம் இல்லை. 1968லிருந்து ஆரோவில்லுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து குடியிருக்கிறார்கள், தெருமுனைக் கடையில் நின்றால் நாலு தேசத்துப் பேச்சு காதில் விழும். வைத்தியத்திலும் அப்படித்தான். 2020 ஏப்ரல் 12ஆம் தேதி, ஊரடங்கு நேரம், பஞ்சாப் பாட்டியாலாவில் ஹர்ஜீத் சிங் என்ற காவல் அதிகாரியின் கையை வாளால் துண்டாக வெட்டினார்கள். சண்டிகரில் மத்திய அரசின் பி.ஜி.ஐ. மருத்துவமனை டாக்டர்கள் ஏழரை மணி நேரம் நின்று அந்தக் கையைச் சேர்த்துத் தைத்தார்கள். நம்ம சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971லேயே டாக்டர் வெங்கடசாமி கைக்கென்று தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி ரெண்டு கையும் இழந்த திண்டுக்கல் கட்டடத் தொழிலாளிக்கு, இறந்தவர் ஒருவரின் கைகளைப் பொருத்தினார்கள். கண்ணிவெடி அகற்றப் போய் ரெண்டு கையையும் இழந்த ஆப்கானிஸ்தான் ராணுவ அதிகாரி ஒருவர் 2015ல் கொச்சிக்கு வந்து கை பொருத்திக்கொண்டு போனார். அவருக்கு நாம்தான் வெளிநாடு.

அதற்காக எல்லாமே இங்கே முடியும் என்று சொல்லவில்லை. இங்கே முடியாதது இருந்தால் அனுப்பித்தான் ஆகணும். ஆனால் யாரை அனுப்பணும், எங்கே அனுப்பணும் என்பதை அரசு மருத்துவர் குழு உட்கார்ந்து சொல்லணும், செலவை அரசு கட்டணும். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பார்த்து, பாவமாக இருக்கிறவனுக்குப் பணம், முகம் பிடிக்காதவனுக்குச் சாவு என்று ஆகக்கூடாது. தர்மம் எப்போதும் முகம் பார்க்கும், சாதி பார்க்கும். அடிபட்டவர் எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டுப் பாக்கெட்டில் கைவிடுகிற ஊர் இது என்று நமக்குத் தெரியாதா?

அம்பேத்கர் 1942லிருந்து 1946 வரை வைசிராய் சபையில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார். தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு என்ற வேலை உருவானது அந்தக் காலத்தில்தான், 1948ல் அது இ.எஸ்.ஐ. சட்டம் ஆனது. வேலை வாங்குகிறவன்தான் காயத்துக்கும் பொறுப்பு, அதைப் பிச்சையாகக் கேட்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மரக்காணம் உப்பளத்தில் உச்சி வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கினவர்களுக்கும், உப்புத் தண்ணியில் கால் புண்ணானவர்களுக்கும் அந்த அட்டை கையில் இருக்கிறதா? மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு 5000 ரூபாய் என்பதே 2022ல்தான் வந்தது. மலக்குழியில் இறங்கி நிரந்தரமாக முடமானால் 20 லட்சம், செத்தால் 30 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்ல வேண்டியிருந்தது. வாச்சாத்திப் பெண்கள் 18 பேருக்கு ஆளுக்கு 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூல் பண்ணு என்று உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னபோது 31 வருசம் ஓடிப்போயிருந்தது. இவர்களுக்காக யார் வாட்ஸ்அப் குழு வைத்தார்கள்?

ஆகவே, காசு போடு என்றுதான் நம்ம பசங்களிடம் சொல்கிறேன். விசாரித்து, கணக்கு உண்மைதான் என்று தெரிந்தால் முடிந்ததைப் போடு. வலியில் கிடக்கிற ஒருத்தனிடம் பழைய கணக்கைத் தீர்ப்பது நம்ம பழக்கமில்லை. ஆனால் காசோடு ஒரு மனுவும் போகணும். பணியில் அடிபட்ட எந்தக் காவலருக்கும் வரம்பில்லாமல் முழுச் செலவையும் அரசு ஏற்கணும். காவலருக்குச் சங்கம் வைக்கும் உரிமை வேணும். போலீஸ் அடியிலும் சாதிவெறித் தாக்குதலிலும் காயப்பட்டவருக்கும், உப்பளத்திலும் மலக்குழியிலும் உடம்பை இழந்தவருக்கும் இதே வைத்தியம், இதே வேகத்தில் கிடைக்கணும். வசூல் கேட்டு வருகிற காவலர்களிடமும் அந்த மனுவை நீட்டுவோம். சங்கம் வைக்க முடியாதவர்கள் அதில் கையெழுத்துப் போட பயப்படலாம். நாம் பயப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கும் சேர்த்து நாம் கேட்போம்.