தானாகப் பற்றியதா இந்தத் தீ?

மாசி பிறந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் இரவு வேளையில் செந்நிறக் கோடொன்று நெளிந்து செல்வதை, அடிவாரத்து ஊர்களில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். "மலையில் தீ பிடித்திருக்கிறது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு உறங்கப் போகிறோம். மறுநாள் யாரேனும் காரணம் கேட்டால், விடை ஆயத்தமாக இருக்கிறது: மூங்கில்கள் உரசிக்கொண்டன, தானாகப் பற்றிக்கொண்டது. இந்தத் 'தானாக' என்னும் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

மின்னலால் பற்றும் தீ அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாசியிலும் பங்குனியிலும், வானில் மேகமே இல்லாத நாள்களில், அடுத்தடுத்த மலைகளில் மூளும் தீயை எந்த மின்னல் மூட்டிற்று? நம் நாட்டுக் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் மூட்டியவையே என்பது வனத்துறையினர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி. அணைக்காமல் எறியப்பட்ட பீடித்துண்டு, புதுப்புல் துளிர்க்கட்டுமென்று வைத்த தீ, தோட்டத்துச் சருகைக் கொளுத்திவிட்டுக் காவல் நில்லாமல் போனவரின் சோம்பல், சுற்றுலா வந்தோர் மூட்டிய அடுப்பு: இவற்றில் எது தானாக நிகழ்ந்தது?

2018 மார்ச் 11, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. நாம் பீடத்தைச் சுற்றி நின்ற அந்நாளில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றிருந்தோரைத் தீ வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையேற அனுமதி இருந்ததா என்று நாடே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதைப் பேசிய அளவுக்கு, அத்தகைய தீ எப்படிப் பிறக்கிறது, எப்படி நடக்கிறது என்பதை நம் ஊர்த் திண்ணைகளில் எவரும் பேசவில்லை. சரிவில் ஏறும் தீ தனக்கு மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. பகலில் காற்றும் பெரும்பாலும் சரிவின் மேல்நோக்கியே வீசுகிறது. ஆதலால் மேட்டை நோக்கி ஓடுபவரைத் தீ முந்திவிடும். மலையடிவாரத்தில் பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது. எந்த மறைக்கல்வி வகுப்பில், எந்தப் பள்ளியில் நாம் இதைக் கற்பித்தோம்?

குற்றவாளி யார் என்று கேட்டால், நம் விரல் உடனே மலைவாழ் மக்களை நோக்கி நீள்கிறது. இது அநீதி. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடை முற்றுமுன் தரைச் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை மரபாகக் கையாண்டவர்கள். அது தடுக்கப்பட்ட பின் உண்ணிச்செடி காடெங்கும் மண்டிவிட்டது என்பது அவர்கள் கூறும் சான்று. மண்டிய புதர் காய்ந்தால், தரையில் தவழும் தீ அதன்மேல் ஏறி மரத்தின் கிளையைத் தொடுகிறது. தீயை எப்போது, எவ்வளவு மூட்டுவது என்று அறிந்தவரைக் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு, தீயைப் பற்றி எதுவுமே அறியாத நாம் கைகழுவிக்கொள்கிறோம்.

நாம் என்று சொல்வது பேச்சு வழக்குக்காக அன்று. முன்னர் நாம் பணியாற்றிய பங்கொன்றில், தவக்கால வெள்ளியொன்றின் மாலையில் சிறு குன்றின்மீது சிலுவைப்பாதை நடத்தினோம். பதினான்காம் நிலையில் மக்கள் மெழுகுதிரிகளை ஏற்றிப் பாறையடியில் நட்டுவிட்டு இறங்கினர். முன்னின்று நடத்திய நாமும் திரும்பிப் பாராமல் இறங்கினோம். இரவு பத்து மணிக்குக் குன்று எரிந்தது. ஆடு மேய்க்கும் இருவர் பச்சைத் தழைகளால் அடித்து அதை அணைத்தனர்; அவர்கள் நம் சபையினர் அல்லர். மறு ஞாயிறு மறையுரையில் அதைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மைச் சுடுகிறது.

விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தில் தீயைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மூட்டிய தீ முட்செடியில் பற்றி, பிறருடைய தானியக் கதிரையோ வயலையோ அழித்தால், மூட்டியவரே ஈடுசெய்ய வேண்டும். வேண்டுமென்று செய்தாரா என்று அச்சட்டம் வினவுவதில்லை. கவனக்குறைவும் கடன்தான், கடன் தீர்க்கப்பட வேண்டும். பிறர் பணத்தைத் திருடியவரிடம், மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, திருப்பிக் கொடு என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்கிறோம். வைகை வருசநாட்டு மலைகளில் பிறக்கிறது. மலை எரிந்தால் முதல் மழையில் சாம்பலும் மேல்மண்ணும் ஓடைக்குள் இறங்கும், ஊற்றுகள் வற்றும். அப்படி மலையை எரித்தவர் ஆற்றுப்படுகை முழுவதன் தண்ணீரையும் திருடியவர் அல்லரோ? மழைக்காக நவநாள் செபம் சொல்லும் அதே மக்கள், மழையைத் தேக்கிவைக்கும் காட்டில் தீயை விட்டுவரலாமோ?

"இது வனத்துறையின் வேலை, சாமியாருக்கு ஏன் இந்தக் கவலை?" என்பார் உளர். 2024 மார்ச்சில் குன்னூர் மலைத் தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர் நீர் சுமந்து வந்து ஊற்ற வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய ஏற்பாடும் தீ மூண்ட பின்னர் செய்வது. மூளுமுன் செய்ய வேண்டியதோ எளிது. தை மாதத்திலேயே சருகைப் பெருக்கி அகற்றித் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டுவது. அந்த வேலையை மலையை அறிந்தவர்களுக்கே உரிய கூலியுடன் கொடுப்பது. இதை அரசிடம் உரத்துக் கேட்போம். அதற்கு முன்னர் நம் வீட்டைச் சரிசெய்வோம். மாசி முதல் மழை வரும்வரை, மலைக் கெபிகளிலும் குன்றுச் சிலுவைகளின் அடியிலும் மெழுகுதிரி வேண்டாம், வெடி வேண்டாம், திருப்பயணத்தார் அடுப்பும் வேண்டாம். அன்னையின் திருமுன் ஏற்றும் திரியைக் கீழே ஆலயத்தில் ஏற்றுவோம். அவர் அதையும் காண்பார். ஊருக்குப் பத்து இளைஞர் வனக்காப்பாளரிடம் பெயர் கொடுத்து, தீ கண்டவுடன் செய்தி சொல்லவும், தடுப்புக் கோடு பெருக்கவும் முன்வரட்டும். இதுவே நம் ஈடுசெய்தல்.

திருநீற்றுப் புதன் பெரும்பாலும் மாசியில்தான், காடு காய்ந்து நிற்கும் நாள்களில்தான் வருகிறது. அன்று சாம்பலை நெற்றியில் பெற்றுக்கொள்ளும் நாம், ஆலயத்தின் படியிறங்கும்போது ஒரு கணம் மலையை நிமிர்ந்து பார்ப்போம். அங்கே கருகிக் கிடப்பது நம் கவனக்குறைவின் சாம்பலாயின், அதையும் அறிக்கையிட மறவாதிருப்போம்.