பிற மொழி அறிவோம்: ஜெர்மானியர் வந்தனம்

அந்நிய பாஷை ஒன்றைக் கற்கப் புகுவோர் இலக்கணத்தில் தொடங்குவது வழக்கம். ஆனால் அந்தப் பாஷையைப் பேசுவோர் ஒருவரையொருவர் கண்டவுடன் என்ன சொல்லிக் கொள்ளுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால், பாஷையோடு கூட அந்த ஜனங்களின் இயல்பும் சரித்திரமும் ஒருங்கே விளங்கும். இவ்வாரம் ஜெர்மன் பாஷையை அந்த வழியில் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதுவே ராஜாங்க பாஷை. ஸ்விட்ஸர்லாந்தின் நான்கு தேசிய பாஷைகளுள் மிகுதியானவர் பேசுவதும் இதுவே. இங்கிலீஷுக்கு நெருங்கிய உறவுடையதாயினும், அதைவிட இலக்கணக் கட்டுப்பாடு மிக்கது. ஒவ்வொரு பெயர்ச் சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், நபும்ஸகம் என்ற மூன்றில் ஒன்று உண்டு. அதில் நாம் எதிர்பார்க்கும் முறை ஒன்றுமில்லை. சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ நபும்ஸகம்! சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்த சொற்கள் யாவும் நபும்ஸகமே என்பது அவர்களுடைய விதி.

இந்தப் பால் வேற்றுமை வந்தனத்திலேயே தலை காட்டுகிறது. காலையில் 'கூட்டன் மோர்கன்', பகலில் 'கூட்டன் டாக்', மாலையில் 'கூட்டன் ஆபென்ட்' என்பார்கள். இரவில் உறங்கப் போகும்போது மட்டும் 'கூட்டெ நாஹ்ட்' என்பார்கள். காலையும் பகலும் மாலையும் ஆண்பால், இரவு பெண்பால். ஆகையால் 'நல்ல' என்னும் அடைமொழி அதற்கேற்ப உருமாறுகிறது. 'உமக்கு நல்ல காலையை விரும்புகிறேன்' என்ற வாக்கியமே இவ்வாறு குறுகி நிற்கிறது என்று கொள்ளலாம்.

விடை பெறும்போது அவர்கள் சொல்லுவது 'அவுஃப் வீடர்ஸேயன்'. 'மீண்டும் காணும் வரையில்' என்பது பொருள். வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லும் நமக்கு இந்த மனப்பான்மை புதிதன்று. டெலிபோனில் பேசி முடிப்பவர் எதிரே இருப்பவரைக் காணவில்லையே! ஆகவே அங்கே 'மீண்டும் கேட்கும் வரையில்' என்று மாற்றிச் சொல்லுகிற வழக்கமும் உண்டு.

முன்னிலையில் அவர்களுக்கு இரண்டு சொற்கள் முக்கியம். நண்பரையும் குழந்தைகளையும் வீட்டாரையும் 'டூ' என்பார்கள். அது நம் 'நீ'. புதியவரையும் மேலோரையும் 'ஸீ' என்பார்கள். இந்த 'ஸீ', 'அவர்கள்' என்னும் படர்க்கைப் பன்மைச் சொல்லே. மரியாதைக்காக அதை முன்னிலையில் வழங்குகிறார்கள். 'தாங்கள்' என்ற நம் சொல்லும் 'தாம்' என்னும் படர்க்கையிலிருந்து வந்ததே அல்லவா? மேலும் ஒரு ஒற்றுமை: நாம் கடவுளை 'நீ' என்று அழைப்பது போலவே அவர்களும் பிரார்த்தனையில் 'டூ' என்றே அழைக்கிறார்கள்.

பிரதேசத்துக்குப் பிரதேசம் வந்தனம் வேறுபடும். வடக்கே கடலோரத்து ஜனங்கள் காலையோ மாலையோ எந்நேரமும் 'மொயின்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக் கொள்வார்கள். தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் 'க்ரூஸ் கொட்' என்பார்கள். 'கடவுள் உம்மை ஆசீர்வதிக்கட்டும்' என்பது அதன் கருத்து. அப்பிரதேசங்களில் நண்பர்களிடையே 'ஸெர்வுஸ்' என்பதும் வழங்குகிறது. லத்தீன் பாஷையில் அதற்கு அடிமை என்று பொருள். ஆகவே, நம் வைஷ்ணவர்கள் சொல்லும் 'அடியேன்' என்பதே அது!

இவ்வளவு வகை வகையான வந்தனங்களை அடக்கி, தேசம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றை விதிக்க முயன்ற காலமும் ஒன்று உண்டு. 1933-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே, சர்க்கார் உத்தியோகஸ்தர் யாவரும் வலக்கையை நீட்டி 'ஹைல் ஹிட்லர்' என்று வணங்க வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பள்ளிக்கூடங்களிலும் பாடம் அந்த முழக்கத்தோடு தொடங்கியது. மனிதனுக்குரிய அந்த வணக்கம் தகாது என்று மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவாரின் குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சிலர் பெற்றோரிடமிருந்தே பிரிக்கப்பட்டார்கள்.

ம்யூனிக் நகரில் நாஜிகள் எழுப்பிய ஞாபகச் சின்னம் ஒன்றைக் கடந்து செல்வோர் யாவரும் கை நீட்டி வணங்க வேண்டியிருந்தது. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் பின்புறமிருந்த ஒரு சிறு சந்தில் புகுந்து சுற்றிக் கொண்டு போனார்கள். இன்று அந்தச் சந்தின் தரையில் வெண்கல நிறக் கோடு ஒன்று பதித்திருக்கிறார்கள். வாய் திறவாமல் வழி மாறிச் சென்ற அந்த ஜனங்களுக்கு அதுவே ஞாபகச் சின்னம்.

அதே காலத்தில், அதே தேசத்தில், மற்றொரு வந்தனமும் வழக்குக்கு வந்தது. 1941-ஆம் ஆண்டில் ஸுபாஷ் சந்திர போஸ் பெர்லினில் சுதந்திர இந்திய மையத்தை நிறுவினார். அவரைச் சுற்றிக் கூடிய ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் வெவ்வேறு விதமாக வணங்கும் வழக்கமுடையவர்கள். யாவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடியபோது 'ஜெய் ஹிந்த்' அகப்பட்டது. ஹைதராபாத்துக்காரரான ஆபித் ஹஸன் அதை ஆக்கித் தந்தார் என்பர். அந்த வாக்கியத்தில் எந்த மனிதனுடைய பெயரும் இல்லை; தேசத்தின் பெயர் மட்டுமே உண்டு. தேசம் விடுதலை பெற்ற பின்னரும் அது நிலைத்தது. 'ஹைல் ஹிட்லர்' 1945-ஆம் ஆண்டில் அந்த ஆட்சியோடு மறைந்தது.

இன்று நம் வாலிபர் பலர் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் ஜெர்மனிக்குச் செல்லுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தைகள். முன்பின் அறியாதவரை 'ஸீ' என்றே அழையுங்கள். 'டூ என்று சொல்லலாமே' என்று மூத்தவர் தாமே முன்வந்து சொல்லும் வரையில் பொறுத்திருப்பது அங்கே பண்பாடு. மற்றொன்று, விளையாட்டாகக் கூட அந்தப் பழைய நாஜி வணக்கத்தைச் செய்து காட்ட வேண்டாம். பொது இடத்தில் அது குற்றம். அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறைவாசமோ கிடைக்கும். அதற்குப் பதிலாக 'கூட்டன் டாக்' என்று சொல்லிப் புன்னகை செய்தால், அந்நியர் ஒருவர் தம் பாஷையில் வணங்குகிறாரே என்று அவர்களும் மனமகிழ்ந்து மறுமொழி சொல்லுவார்கள்.