பக்கத்து நாற்காலிக்கும் உறுத்தாத கத்தி

கூரியர் பெட்டி ஒன்று மேசைக்கு வந்ததும் அலுவலகத்தில் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் நகம், பிறகு பைக் சாவி, அதுவும் தோற்றால் பேனா முனை. மதியம் ஹோட்டல் பார்சலில் இறுக்கிச் சுற்றிய நூலை நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு, சாம்பார் பாக்கெட்டைப் பல்லால் கடித்து, பாதியைச் சட்டையில் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. புதுச் சட்டையின் விலைச்சீட்டு, சார்ஜர் ஒயரைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, மாத்திரை அட்டை, தொங்கும் பொத்தான் நூல் என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டு வேலைகள் இருக்கின்றன. சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி வைத்துக்கொள்வது எல்லா விதத்திலும் நியாயமான யோசனை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் தடம் மாறிவிடுகின்றன. எந்த எஃகு, எவ்வளவு கூர்மை, ஒரு கையால் திறக்குமா, பூட்டு இருக்கிறதா என்று காட்டுக்குப் போகிறவர்போல் விசாரிக்கிறார்கள். அலுவலகக் கத்திக்கு முதல் தகுதி வேறு. அதை வெளியே எடுக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தலை தூக்காமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும். மற்ற தகுதிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதைக் கேட்டு, ஊருக்குப் பயந்து பொருள் வாங்கச் சொல்வதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழில் ‘கத்தி’ என்ற சொல் படும் பாட்டைப் பாருங்கள். செய்தித்தாளில் அது பெரும்பாலும் ‘குத்து’ என்ற சொல்லோடு சேர்ந்தே அச்சாகிறது. சமையலறையில் காய் நறுக்கும்போது யாரையும் பயமுறுத்தாத அதே பொருள், கணக்குப் பிரிவின் நடுவில் தென்பட்டால் வேறு பொருளாகிவிடுகிறது. ஆனால் இதே மொழியில் ‘பேனாக்கத்தி’ என்றொரு சொல்லும் இருக்கிறது. இறகுப் பேனாவின் முனை சீவப் பிறந்த கருவிக்கான பெயர். இறகு போய் மைப்பேனா வந்து, மைப்பேனாவும் போன பிறகும் பெயர் நிற்கிறது. அதற்கும் முன்னால் ஓலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் கருவி அது. ஓலையின் ஓரத்தை நறுக்கிச் சீராக்கக் கத்தி, எழுத ஆணி. கணக்கெழுதப் போகிறவன் கையில் கத்தி இருப்பது அன்றைக்குச் செய்தியே இல்லை. எழுத்து வேலையின் பாதி அது. ஆக, எழுத்து வேலை நடக்கும் இடத்துக்குக் கத்தி அந்நியமானதல்ல. அந்தக் கத்தி எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்பது பார்த்த உடனே புரிந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். பேனாக்கத்தியைப் பார்த்தால் புரியும். கறுப்புப் பூச்சும் பல்முதுகும் சட்டைப்பையில் வெளியே தெரியும் கிளிப்பும் கொண்ட ‘கமாண்டோ’ கத்தியைப் பார்த்தால் புரியாது. அல்லது தப்பாகப் புரியும்.

சட்டங்களும் இதையே தங்கள் மொழியில் சொல்கின்றன. நம் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமென்று செய்தவற்றை விட்டுவிடுகின்றன. 9 அங்குலம் என்பது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை போல ஒரு நீளம். சட்டைப்பைக் கத்தி எதுவும் அந்தப் பக்கம்கூட எட்டிப் பார்க்காது. ஆனால் டெல்லி நிர்வாகம் 1980-இல் போட்ட அறிவிக்கை இன்னும் நுணுக்கமானது. வில் விசையில் விரிபவை, பட்டன் அழுத்தினால் பாய்பவை, ‘கராரி’ எனும் பல்சக்கர ஒலியோடு திறப்பவை என்று கத்தி திறக்கும் விதத்தைப் பார்த்தது; அலகு 7.62 சென்டிமீட்டர் நீளத்தையும் 1.72 சென்டிமீட்டர் அகலத்தையும் எட்டினால் அவற்றைச் செய்யவும் விற்கவும் தடை என்றது. இந்திப் படங்களில் ராம்பூர்க் கத்தி ‘கிர்ர்ர்’ என்று விரிந்த அந்தச் சத்தமே பாதி மிரட்டல். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் கிட்டத்தட்ட அதே அளவில் வந்து நிற்கிறது: வெட்டுமுனை 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். 3 அங்குலம் என்பதும் அந்த 7.62 சென்டிமீட்டர்தான். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன; லண்டனில் வேலை பார்க்கும் தமிழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்கள். இரண்டும் எஃகின் தரத்தைக் கேட்கவில்லை, கூர்மையைக் கேட்கவில்லை. எவ்வளவு நீளம், எப்படித் திறக்கிறது, திறந்தால் எப்படி நிற்கிறது என்று மட்டும் கேட்டன.

இதைவிடத் தெளிவான சான்று 2013-இல் அமெரிக்காவில் கிடைத்தது. அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அலகு 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பூட்டாத சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கப் போவதாக மார்ச் மாதம் அறிவித்தது. சின்னக் கத்தியால் இனி விமானத்தைக் கடத்த முடியாது, வெடிகுண்டைத் தேடுவதில் கவனம் வைக்கலாம் என்பது அதன் வாதம். கணக்குப்படி அந்த வாதத்தில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மூடிய அறைக்குள், முன்பின் தெரியாத நூறு பேரோடு, மணிக்கணக்காக நின்று வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஜூன் மாதமே திட்டம் கைவிடப்பட்டது. ஆபத்தைக் கணக்கிட்டவர்கள் ஒரு பக்கம், அந்த அறைக்குள் இருந்தவர்கள் மறுபக்கம். அறைக்குள் இருந்தவர்கள் பேச்சு எடுபட்டது. அலுவலகமும் மூடிய அறைதான். அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் என்றால், இன்று காலை வேலைக்குச் சேர்ந்த ஒருவரும் இருப்பார். முன்பு ஒரு வீட்டிலோ தெருவிலோ கத்தியைக் கண்டு நடுங்கியவரும் இருக்கலாம். அதை அவர் உங்களிடம் சொல்லப் போவதில்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? எளிதில் கிடைக்கும் ஒரு மாதிரியையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் ‘கிளாசிக்’ என்ற சாவிக்கொத்துக் கத்தி. மடக்கினால் 58 மில்லிமீட்டர். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் நீளத்தைவிடச் சற்றே கூடுதல். எடை சுமார் 21 கிராம்; அதே நாணயம் மூன்று சேர்ந்தால் இதைவிடக் கனமாக இருக்கும். ஒன்றரை அங்குலத்துக்குள் ஓர் அலகு, ஒரு குட்டிக் கத்தரி, முனை தட்டையான நக அரம், பக்கவாட்டில் செருகிய முள்வாங்கியும் பல்குச்சியும். அலகின் மேல்பக்கம் நகம் கொடுத்து இழுக்க ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு கை பிடிக்க, மறு கை நகத்தால் நெம்ப, அது மெதுவாக எழுந்து வரும். இதைத் திறப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் நகம் வெட்ட ஆயத்தமாகிறார் என்றுதான் தோன்றும். அந்த அசட்டுத்தனமான தோற்றத்துக்காகவே காசு கொடுக்கலாம். சொல்லப்போனால் இதில் அதிகம் உழைப்பது கத்தியல்ல, கத்தரிதான். நூல், பிளாஸ்டிக் பட்டை, மாத்திரை அட்டை, சாம்பார் பாக்கெட் நான்கும் கத்தரியின் வேலை. பிளாஸ்டிக் பட்டையைக் கத்தியால் அறுக்கப் போனால் ஒயரின் மேலுறையும் சேர்ந்து கிழியும். கூரியர் நாடாவும் கடித உறையும் கொய்யாப்பழமுமே அலகுக்கு மிஞ்சும்.

இந்த வகையின் பிறப்பும் கவனிக்கத் தக்கது. விக்டோரினாக்ஸின் நிறுவனர் கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டு, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். ராணுவம் கேட்டது போரிடும் கத்தியை அல்ல. டின்னைத் திறக்கவும் துப்பாக்கியின் திருகுகளைக் கழற்றவும் ஒரு கருவியை. சண்டைக்குத்தான் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி தனியாக இருந்ததே. 1897-இல் அவர் பதிவு செய்த, தக்கைத் திருகியும் சேர்ந்த இலகுவான மாதிரிக்கு ‘அதிகாரிகள் கத்தி’ என்று பெயர். ஆபீசர்களுக்கு என்று ஆரம்பித்தது ஆபீசுக்கே வந்து சேர்ந்துவிட்டது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானங்களில் கத்திக்குத் தடை வந்தபோது இந்த நிறுவனத்தின் கத்தி விற்பனை பலமாகச் சரிந்தது. 2024-இல் அலகே இல்லாத கருவி ஒன்றை யோசித்துவருவதாக அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறைத் தலைவர் சொன்னார். கத்தி செய்தே பிழைத்தவர்கள் அடுத்தவர் கண்ணுக்கு இவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்றால், வாங்குகிற நாமும் கொஞ்சம் தரலாம்.

பூட்டில்லாத கத்தி விரலில் மடங்கிவிடாதா என்பது வலுவான கேள்வி. மடங்கும்; ஆனால் முனையால் குத்தும்போதோ முதுகுப்பக்கம் அழுத்தம் விழும்போதோ மட்டும். விளிம்பை வைத்து இழுத்து அறுக்கும்போது விசை அலகைத் திறந்த நிலையிலேயே அழுத்தும். அலுவலகத்தில் குத்தும் வேலை எதுவும் இல்லை. சாதாரணக் கூரியர் அட்டையின் தடிமனே தச்சர் கணக்கில் ஒரு நூல்தான். மேலே ஒட்டிய நாடா அதில் ஒரு துளி. அதற்கு மூன்று அங்குல அலகை இறக்கினால், உள்ளே இருக்கும் புதுச் சட்டைக்கும் சேர்த்து ஒரு கிழிசல் நிச்சயம். குட்டி அலகு போதாது என்பவர்களுக்கும் இதுவே பதில். மாம்பழம் நறுக்க ஆசை இருந்தால் ஒன்று சொல்லலாம்: அது வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டிய பழம்.

மேசை டிராயரில் கட்டர் இருக்கும்போது இது எதற்கு என்பது அடுத்தது. ஓரளவு சரியான கேள்விதான். ஜப்பானில் யோஷியோ ஒகாடா 1956-இல் உருவாக்கிய, மழுங்கியதும் நுனியை ஒடித்துவிட்டு அடுத்த துண்டை நீட்டும் அந்தக் கத்தி அபாரமான கருவி. நாளெல்லாம் பெட்டி பிரிக்கும் சரக்கறையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் எந்த அலுவலகத்திலும் கட்டர் ஒரே டிராயரில் இரண்டு வாரம் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. அதோடு அதன் கூர்மை இந்த வேலைகளுக்கு மிக அதிகம், அலகு மெலிது, பக்கவாட்டில் வளைத்தால் ஒடிந்து தெறிக்கும். கத்தரி மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

உடன்பட முடியாதது ஒன்றுதான்: தற்காப்புக்கு இருக்கட்டும் என்ற எண்ணம். ஒன்றரை அங்குல, பூட்டில்லாத அலகு ஆபத்தில் முதலில் காயப்படுத்துவது வைத்திருப்பவரின் விரலைத்தான். அதைவிட, தற்காப்புக்கு என்று சொன்ன நொடியிலேயே கருவி ஆயுதமாகிவிடுகிறது. போலீஸ்காரர் கேட்டாலும், மனிதவளப் பிரிவில் கேட்டாலும். இங்கேதான் இன்னொரு குழப்பமும் தீர்கிறது. அலுவலகக் கத்தி உறுத்தாமல் இருக்க வேண்டும் என்றால் ஒளிந்து இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பெல்ட்டுக்கு உள்ளே செருகிய கத்தி தற்செயலாகத் தெரியும்போது வரும் சந்தேகம், சாவிக்கொத்தில் எல்லோர் கண் முன்னும் தொங்கும் கத்தியின் மேல் வருவதில்லை. ஆயுத பூஜையன்று ஸ்டேப்ளருக்கும் கணினிக்கும் பக்கத்தில் வைத்து, சந்தனப் பொட்டு இட்டாலும் யாரும் புருவம் உயர்த்தாத பொருளாக அது இருக்கட்டும். சிவப்போ நீலமோ மஞ்சளோ, பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள், கறுப்பு வேண்டாம். யாராவது கேட்டால் மடக்கியே கொடுங்கள்.

கத்திக்கே இடமில்லை என்று நிறுவனம் விதி வைத்திருந்தால் விவாதம் முடிந்தது. அங்கே மேலே சொன்ன சட்ட அளவுகளைக் காவலாளியிடம் ஒப்பிப்பதில் பயனில்லை. நீதிமன்றம், விமான நிலையம் போகும் நாட்களுக்காகச் சாவிக்கொத்தில் எளிதில் கழற்றும் கொக்கி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. விமானத்தில் ஏற்ற வேண்டுமென்றால் பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டியைச் செக்-இன் சாமானாக அனுப்ப வேண்டும். மறந்து கைப்பையில் வைத்தால் கத்தி போனது போனதுதான். பறிபோனாலும் மனம் பதறாத விலையில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃகைப் பற்றிக் கடைசியில் சொல்வது வேண்டுமென்றேதான். இந்தக் குட்டிக் கத்திகளில் இருப்பது நடுத்தரக் கடினமுள்ள, துருப்பிடிக்காத எஃகு. கத்திப் பிரியர்கள் இதை ‘மென்மை’ என்று இளக்காரமாகச் சொல்வார்கள். சென்னையின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் கார்பன் எஃகு ஒரே வாரத்தில் புள்ளி விழும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மழுங்கினாலும் சாணைக்காரரைத் தேட வேண்டியதில்லை. பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதில் தாழ்ந்த கோணத்தில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் நாடா அறுக்கும் அளவுக்குக் கூர் திரும்பிவிடும். பையின் பஞ்சும் பழச்சாறும் கீலில் சேர்ந்தால் வெந்நீரில் அலசி, உலர்த்தி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகி அலகைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பலம் கொண்ட மட்டும் நெம்ப, அது ‘டப்’பென்று திறந்து, அறையே திரும்பிப் பார்க்கும்.