விடுமுறை விடுதியில் வெள்ளிக்கிழமை இராச்சாப்பாடு

வெண்பனி விழத் தொடங்கிவிட்டால் இல்-பிசாரிலும் பாலத்துக்கு அக்கரையில் பியர்ஃபொனிலும் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சு, இம்முறை எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதுதான். கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூட இதே ஆராய்ச்சி. கன்கூனா, புந்தா கானாவா? அறையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? விமானம் விடியப்புறமா, மத்தியானமா? இவ்வளவையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள், அங்கே போய் இறங்கிய பின்னர் இரவில் எந்தச் சாப்பாட்டுக்கடையில் உட்காருவது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. அஃது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். வீட்டில் விரதகாரர் ஒருவர் இருந்தால் பெரிய விஷயந்தான் என்பது எனது அபிப்பிராயம்.

சாப்பாடும் அறைக்கூலிக்குள் அடக்கம் என்னும் இந்த ஏற்பாட்டை உலகெங்கும் பிரபலமாக்கியது கிளப் மெட். 1950ஆம் ஆண்டில் ஜெரார் பிளிட்ஸ் என்னும் பெல்ஜியக்காரர் மயோர்க்கா தீவில் கூடாரங்களை அடித்து அதை ஆரம்பித்தார். இன்று அது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் கியூபெக்கின் ஷார்ல்வுவாப் பகுதியில் அவர்களுடைய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. கரீபியன் கரையிலும் மெக்சிக்கோக் கரையிலும் இத்தகைய விடுதிகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல்தான். நாமே எடுத்துச் சாப்பிடும் பெரிய புஃபே மண்டபம் ஒன்று. அதைவிட, முன்கூட்டிப் பதிவு செய்து போய் உட்காரும் சிறிய உணவகங்கள் சில: இத்தாலியம், மெக்சிக்கோ, ஜப்பான் என்று. ஒரு கிழமை தங்குபவர்களுக்கு அந்தச் சிறிய உணவகங்களில் சில இரவுகளே கிடைக்கும் விடுதிகள் பல. ஆகவே ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டியதுதான்.

சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்பும் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கடைசி இரவு வெள்ளிக்கிழமை. கடைசி இரவென்றபடியால் பிள்ளைகள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நல்ல இடத்தில் சாப்பிட ஆசைப்படுவார்கள். மற்ற நாட்களில் மச்சம் சாப்பிடும் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். மார்கழியில் போகிறவர்களுக்குத் திருவெம்பாவைக் காலமும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. மாசியில் போகிறவர்கள் 2024ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். மொன்றியல் பாடசாலைகளின் மார்ச் விடுமுறை வாரத்தின் வெள்ளிக்கிழமை, 8ஆம் திகதி, மகா சிவராத்திரி. எத்தனை அம்மம்மாமார் அன்று கடற்கரை விடுதிகளில் இருந்திருப்பார்கள்!

அந்த அம்மம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "எனக்கு ஒன்றும் வேண்டாம் பிள்ளை, ஒரு வாழைப்பழமும் பாணும் போதும்" என்பார். பிள்ளைகளும் அதை அப்படியே நம்பிவிடுவார்கள், அல்லது நம்பியது போல் நடந்துகொள்வார்கள். நான் தங்கிய விடுதி ஒன்றில் மூதாட்டி ஒருவர் ஆறு இரவும் முலாம்பழத் துண்டுகளையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் தட்டில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் இறால் உரிப்பதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் அவருக்கும் முழுக்காசு கட்டியிருப்பார்கள். காசை விடுங்கள், குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் ஆறுதலாக இருந்து சாப்பிடுவது, இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் ஓடும் எமது வீடுகளில் ஆண்டில் எத்தனை நாள் நடக்கிறது? அந்த நாளில் ஒருவர் மட்டும் விருந்தாளியைப் போல ஓரத்தில் இருப்பது எவ்வகையில் சரி?

நிற்க. மரக்கறிக்காரருக்கு எந்தக் கடை என்று கேட்டால் பத்துப்பேரில் ஒன்பது பேர் இத்தாலியக் கடை என்பார்கள். பீற்சாவும் பாஸ்ராவும் மரக்கறிதானே என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். பார்மிஜானோ என்னும் பாற்கட்டியைத் துருவி எதன் மேலும் தூவிவிடுவது அந்தக் கடையின் வழக்கம். நாங்கள் பாலுக்கு உறை குத்துவது மோரால். அந்தப் பாற்கட்டிக்கு உறையாவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். வேறு உறை சேர்த்தால் அந்தப் பெயரிலே விற்பதற்கு அவர்களுடைய விதியே இடங்கொடாது. பசுவை வணங்குபவர் வீட்டில் இது சிறு விஷயமன்று. பெஸ்டோ என்னும் பச்சைத் துவையலிலும் அதே பாற்கட்டி. ரிசோட்டோச் சோற்றைப் பல இடங்களில் கோழி அவித்த நீரில்தான் வேக வைக்கிறார்கள். மரக்கறிச் சூப் என்று கொண்டுவந்து வைப்பதற்கும் அடிநீர் எதுவென்று கேட்டாக வேண்டும். சீசர் சாலட்டில் இலையைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது; அதன் குழம்பிலே நெத்தலி. புதிதாகப் பிசைந்த பாஸ்ராவில் முட்டை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது தக்காளிக் குழம்பும் காய்ந்த பாஸ்ராவும். அதை அம்மம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்பார்.

இனி மெக்சிக்கோக் கடையைப் பார்ப்போம். அங்கே எல்லாம் இறைச்சி என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த நாட்டார் சமையலின் அடிப்படையைப் பார்த்தால் சோளம், அவரை விதை, பூசணி, மிளகாய், தக்காளி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்து, நமது அம்மியைப் போன்ற கல்லில் அரைத்துத் தட்டி, நமது தோசைக்கல்லைப் போன்ற தட்டில் சுட்டெடுப்பதுதான் அவர்களுடைய ரொட்டி. சுண்ணாம்பை நாம் வெற்றிலைக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் சோளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ரொட்டியில் முட்டையும் இல்லை, நெய்யும் இல்லை. அவகாடோப் பழத்தை மசித்து வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தருவது, எங்கள் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். முள் நீக்கிய கள்ளியைக்கூடக் கறியாக்குகிறார்கள்; சுவைத்துப் பார்த்தேன், வெண்டிக்காயின் வழுவழுப்பு அப்படியே.

உறைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாய் எங்களுடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிளகுதான் எங்களுடையது, மிளகைப் போல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். அந்தக் காயின் தாய்வீடு மெக்சிக்கோப் பக்கம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கப்பலில் அது எங்கள் கரைக்கு வந்தது. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான், பப்பாசியும் கொய்யாவும் அப்படியே. ஆகவே எங்கள் அம்மம்மா அங்கே போய் உட்காருவது, தன் அடுக்களைச் சாமான்களின் பிறந்தகத்துக்குப் போவது போலாகும். மெக்சிக்கோவின் பாரம்பரியச் சமையலை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது.

ஆனால் அங்கே ஒரு பொல்லாப்பு உண்டு. மந்தேகா என்னும் பன்றிக்கொழுப்பு. அவரை விதையை மசித்து வதக்கும் கறியில் அது வழக்கமாகச் சேரும். கோதுமை ரொட்டியிலும் பல இடங்களில் சேரும். சோற்றைக் கோழி அவித்த நீரில் வேக வைப்பதும் உண்டு. இதற்காக அந்தக் கடையையே ஒதுக்கிவிட வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் கொழுப்பு அந்நாட்டுக்குப் பின்னர் வந்தது என்பதே. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வரும்வரை அங்கே பன்றி வளர்ப்பே இல்லை. பல நூற்றாண்டுகள் அவரையைக் கொழுப்பில்லாமல்தான் அவித்துச் சாப்பிட்டார்கள். ஆகையால் கொழுப்பில்லாமல் தா என்று கேட்பது சமையற்காரருக்கு விநோதமான கோரிக்கை அல்ல. வதக்காமல் பானையில் அவித்த அவரை என்று ஒரு வகையே அவர்களிடம் உண்டு. இத்தாலியக் கடையில் பாற்கட்டியையும் அடிநீரையும் நீக்கிவிட்டால் சமையல் வெறுமையாகிறது. இங்கே ஒரு கொழுப்பை நீக்கினால் சமையல் நின்று பிடிக்கிறது. எனது முடிவுக்கு முக்கிய காரணம் இதுதான்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. சம்மதமாகத் தலையாட்டிவிட்டுக் கோழித் துண்டோடு வரும் பரிசாரகர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் கார்னே என்றால் இறைச்சி. பேச்சுவழக்கில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிப்பதால், கார்னே வேண்டாம் என்பவருக்குக் கோழியும் மீனும் வரலாம். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: சின் கார்னே, சின் பொயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ, சின் மந்தேகா. இறைச்சி, கோழி, மீன், முட்டை, கொழுப்பு இல்லாமல் என்று பொருள். பிரெஞ்சு படித்த எமது பிள்ளைகளுக்கு இது நாவில் இலகுவாக வரும். காலையில் கடற்கரைக்குப் போகும் வழியில் உணவகத்தில் சொல்லிவிட்டால், மாலையில் அவரையை வேறாக எடுத்து வைக்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஏழு மணிக்கு, மண்டபம் நிறைந்திருக்கும்போது கேட்டால் எந்தச் சமையற்காரருக்கும் எரிச்சல்தான்.

"தெரியாமல் சாப்பிட்டால் பாவம் இல்லை" என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. தெரியாமை வேறு, கேட்காமை வேறு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் உருளைக்கிழங்குப் பொரியலை இனி மரக்கறி எண்ணெயில் பொரிப்பதாக அறிவித்தது. நம்மவர் நம்பிச் சாப்பிட்டார்கள். அதிலே மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவைப்பொருள் சேர்வது பின்னர் தெரியவந்தபோது, 2001இல் சியாட்டல் வழக்கறிஞர் ஹரீஷ் பார்த்தி வழக்குத் தொடுத்தார். 2002இல் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, இந்து அமைப்புக்கள் உட்படப் பல அமைப்புக்களுக்கு 1 கோடி டொலர் கொடுக்க இணங்கியது. யாரோ கேட்டபடியால்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

ஜப்பானியக் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இரும்புத் தட்டுக்கு முன்னால் சமையற்காரர் கரண்டியைச் சுழற்றி வெங்காயத்தில் தீ மூட்டுவது பிள்ளைகளுக்கு வேடிக்கைதான். ஆனால் இறாலும் மாடும் வெந்த அதே தட்டில் கத்தரிக்காயும் வேகும். சூப்பில் மீன் கருவாட்டு நீர். விரதகாரரை அங்கே கூட்டிப்போவது அவரைச் சோதிப்பதாகும். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் புதன்கிழமை தகப்பனோடு போய் வரட்டும்.

புஃபே மண்டபமே போதும் என்பவர்களை முற்றாக மறுக்கமாட்டேன். பழமும் பச்சைக் காய்களும் அங்கே தாராளம். ஆனால் ஒரு கரண்டி எத்தனை பாத்திரத்துக்குள் போய் வருகிறது என்பதை ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர் திரும்பவும் அதைப் பத்திரமான இடம் என்று சொல்லார். தவிர, ஆளுக்கொரு பக்கம் தட்டோடு ஓடித் திரியும் இடத்தில் சேர்ந்து சாப்பிடுவது எங்கே?

டொமினிக்கன் குடியரசுக்குப் போகிறவர்களுக்கு இன்னுமொரு சேதி. மாசி, பங்குனி மாதங்களில் அங்கே கத்தோலிக்கரின் தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இறைச்சி தவிர்ப்பது வழக்கம். மீனை அவர்கள் இறைச்சியாகக் கொள்வதில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அக்காலத்தில் வீடுதோறும் ஓர் இனிப்புக் காய்ச்சுகிறார்கள். சிவப்பு அவரையை அவித்து மசித்து வடித்து, தேங்காய்ப்பாலும் பாலும் சீனியும் விட்டு, வற்றாளங்கிழங்குத் துண்டும் கறுவாவும் கராம்பும் சேர்த்துக் காய்ச்சுவது. எங்கள் பயற்றம் பாயசத்தை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேலே சொன்ன 2024 சிவராத்திரியும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. அவரையினிப்பு, ஹபிச்சுவேலாஸ் கொன் துல்சே, இருக்கிறதா என்று அந்நாட்டுச் சமையற்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மேலே பிஸ்கற் வைப்பார்களானால் அதில் முட்டை இருக்கலாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அம்மம்மாவின் பக்கம் தள்ளலாம். பாறணைக்காரராக இருந்தால் மறுநாட் காலைக்கு எடுத்து வைக்கச் சொல்லலாம், விமானம் மத்தியானந்தானே.