காலணிக்கும் ஊர்பேர் வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர்க் காலணிக் கடைக்குள் நுழைந்தாலும் உட்கார இடம் கிடைக்காது. “அடுத்த வருசத்துக்கும் வர்ற மாதிரி ஒரு சைஸ் பெருசா குடுங்க” என்று கேட்காத பெற்றோர் அங்கே குறைவு. பிள்ளையை இரண்டடி நடக்கவிட்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். பிறகு புரட்டி விலையைப் பார்ப்பார்கள். அட்டைப் பெட்டியில் விற்பனை நிறுவனத்தின் முகவரி இருக்கும். அண்மைக் காலமாக ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறது, அது பொருளின் தரத்துக்கான உறுதிமொழி. அந்தத் தோலை எந்த ஊரில் பதனிட்டார்கள், யார் தைத்தார்கள், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பது மட்டும் பெட்டியில் எங்கும் இருக்காது.

பட்டு என்றால் காஞ்சிபுரம், மல்லி என்றால் மதுரை, முறுக்கு என்றால் மணப்பாறை என்று பெயர் சொல்லி வாங்குகிற மக்கள் நாம். இந்தியாவின் தோல் பொருள் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பதும் நம் மாநிலம்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஐரோப்பியக் காலணி வணிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். நம்மில் பலருக்கோ அவை ரயில் நிற்கிற ஊர்கள், பிரியாணிக்குப் பெயர்போன ஊர்கள். நாம் போட்டிருக்கும் செருப்புக்கும் அந்த ஊர்களை ஒட்டி ஓடும் பாலாற்றுக்கும் உள்ள தொடர்பு நம் நினைவுக்கு வருவதில்லை.

அந்தத் தொடர்பு உப்பில் தொடங்குகிறது. அறுத்த மாட்டின் தோல் அழுகாமலிருக்க உப்பைத் தேய்த்து அடுக்குவார்கள். பதனிடும்போது முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. அடுத்து, முடி உதிரச் சுண்ணாம்பும் சல்பைடும். அதற்கடுத்து குரோமியம் உப்பு. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு நிறுவனம்தான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த வேலையைக் குரோமியம் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தது. தோலும் மெத்தென்று, எந்தச் சாயமும் ஏறுகிற மாதிரி வந்தது. ஆனால் தோல் பிடித்துக்கொள்ளாத குரோமியமும், கழுவிவிட்ட உப்பும் பல்லாண்டுகளாக ஓடையிலும் ஏரியிலும் கலந்து, பாலாற்று மணலுக்குள் இறங்கின.

இந்த மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த வட்டாரங்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிப்படையாக இன்று அதைப் பாடம் நடத்துகிறார்கள். தீர்ப்பைப் பெற்றுத் தந்த ஆறு மட்டும் இன்னும் மீளவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அதை வழங்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 28 ஆண்டுகள். 1996இல் பிறந்த பிள்ளைக்கு இன்று பள்ளி செல்லும் வயதில் பிள்ளை இருக்கும்.

நடுவே நடந்த ஒன்றை மறக்க முடியவில்லை. 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் பதனிட்ட தோல் எந்தெந்த ஊர்க் கடைகளில், யார் யார் காலில் ஏறியது என்பதைச் சொல்ல எந்தப் பெட்டியிலும் ஒரு வரி கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தோல் செருப்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. அதை நாம் ஏற்கவில்லை. இந்தத் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்களும் இஸ்லாமியரும். தோலைத் தொட்டு வேலை செய்கிறார்கள் என்பதற்காகவே தள்ளிவைக்கப்பட்டவர்களின் உழைப்பில் வளர்ந்த தொழில் இது. வாங்குபவர்கள் விலகினால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பல நிறுவனங்கள் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன, கழிவுநீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தவும் தொடங்கின. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பையும் குரோமியத்தையும் குறைக்கும் முறைகளை உருவாக்கித் தந்திருக்கிறது. ஒழுங்காகச் செலவு செய்து பதனிடுபவரும், இரவில் கால்வாயில் திறந்துவிடுபவரும் கடை அலமாரியில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாமவர் நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்க முடிகிறது. நாம் அவருடையதை எடுக்கிறோம். நேர்மையாளருக்கு நாம் கொடுக்கும் தண்டனை அது.

தோல் பதமான பிறகு தையலுக்குப் போகிறது. ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் மதிய வேளையில் நடந்தால் வாசற்படியில் மடியில் ஷூவோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் இருப்பது ‘அப்பர்’, அதாவது காலணியின் மேற்பகுதி. முன்புறம் சுருக்கம் சுருக்கமாக மடித்துத் தைக்கும் வகைக் காலணிக்கு இயந்திரம் உதவாது; கைத்தையல்தான். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கும். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்குவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் ஒருமுறை ஏறி இறங்கும். ஏஜென்ட் மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போவதை மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இவர்களைப் பற்றித் தொழிலாளர் உரிமை அமைப்புகள் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி பத்து ரூபாய்க்கும் கீழே. அந்த ஷூ வெளிநாட்டில் விற்கும் விலை பல ஆயிரம்.

வேலைக்குச் சேர்ந்ததற்கான காகிதம் எதுவும் இவர்களிடம் கிடையாது. இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. கண் மங்கினால், முதுகு பிடித்துக்கொண்டால் அவர்கள் பாடு. வீட்டிலிருந்தே உற்பத்தி வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளிக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல், பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. வாசற்படியில் தைக்கும் பெண்ணின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு.

‘வீகன் லெதர்’ என்ற சீட்டைப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூசிய துணி. மாடு தப்பிக்கிறது, உண்மைதான். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வந்த அந்தப் பூச்சு இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்து குப்பைமேட்டுக்குப் போனால் மண்ணோடு சேராது. செயற்கைப் பொருளால் ஆன, ஓடுவதற்கான ஷூ ஒரு ஜோடியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2013இல் பிரித்துக் கணக்கிட்டது: 65 பாகங்கள், 360 வேலைப் படிகள், ஏறத்தாழ 14 கிலோ கரியமில வாயு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழிற்சாலையில் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. செய்யாறு, பெரம்பலூர் என்று தோல் அல்லாத காலணித் தொழில் இப்போது நம் மாநிலத்தில் வேகமாக வளர்கிறது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிறார்கள். நல்லது. பாலாற்றில் நாம் செய்த தவறை அங்கேயும் செய்துவிட்டு முப்பது ஆண்டு கழித்து வழக்காடும் நிலை வரக் கூடாது.

அப்படியானால் கடையில் நிற்கும் நாம் எதைப் பார்ப்பது? ஐரோப்பாவில் 1994இலேயே ஒரு விதி வந்தது. ஒவ்வொரு காலணியிலும் மேற்பகுதி, உட்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று படக்குறியால் காட்ட வேண்டும். விரித்த தோல் வடிவம் போட்டிருந்தால் அது தோல்; சாய்சதுரம் என்றால் செயற்கைப் பொருள் போன்ற பிற பொருள்; பின்னல் என்றால் துணி. தோலில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை அது, கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று 2015 முதல் அங்கே கட்டுப்பாடும் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த ஷூ ஜெர்மனிக்குப் போகும்போது இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் போகிறது. அதே ஊர்த் தோலை வேலூரிலோ திருச்சியிலோ வாங்கும் நமக்கும் அதே தகவலைக் கொடுக்க நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றுச்சூழல் நோக்கில் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கும் ‘லெதர் ஒர்க்கிங் குரூப்’ என்ற பன்னாட்டு அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு ஆலைகள் சிலவும் அதில் உண்டு. அது ஆலைக்கான சான்று. தைத்தவரின் கூலியைப் பற்றி அது பேசாது. ஆகவே ஒரு முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். இது எந்தத் தோல், எங்கே செய்தது? இதற்கு அடி மாற்ற முடியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகும். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். கடைக்காரர்களும் அந்தக் கேள்வியைத் தொந்தரவாக நினைக்காமல் மேலே கொண்டுபோக வேண்டும்.

அடி மாற்றும் கேள்வியை நாம் சாதாரணமாகச் சேர்க்கவில்லை. இருக்கிற ஜோடியை இன்னும் ஓராண்டு போட முடிந்தால் பதனிட வேண்டிய தோலும், வெளிவரும் புகையும் அந்த அளவுக்குக் குறைகின்றன. பேருந்து நிலைய ஓரத்தில் குடையை விரித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் இந்த நாட்டின் உண்மையான சுற்றுச்சூழல் பணியாளர். அறுந்த வாரைக் கையில் வாங்கி, பழைய நூலைப் பிடுங்கிவிட்டு, ஓரம் சீவி, ஐந்து நிமிடத்தில் தைத்துக் கையில் கொடுத்துவிடுவார். இருபது ரூபாய் கேட்டால் பத்துக்குப் பேரம் பேசுகிறோம். அதை இன்றோடு நிறுத்துவோம். சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவதும் அவருடைய குடைதான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரோடு சேவை செய்பவரையும் சேர்த்தே பேசுகிறது. ஒவ்வொரு நகராட்சியும் அவருக்குச் சான்றிதழும் ஓர் இடமும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மாநிலத்தில் மிக அதிகமாகக் காலணி வாங்குபவர்களில் அரசும் ஒருவர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜோடி விலையில்லாக் காலணி போகிறது. எத்தனையோ வீடுகளில் பிள்ளை முதன்முதலில் போட்ட புதுச் செருப்பு அதுதான், அருமையான திட்டம். அந்த ஒப்பந்தப்புள்ளியில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். மூலப்பொருள் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று எழுதித் தர வேண்டும். வீட்டில் தைப்பவர் உட்பட எல்லாத் தொழிலாளர்களின் பெயரும் நல வாரியத்திலோ இ.எஸ்.ஐ.யிலோ இருக்க வேண்டும். பிய்ந்தால் தைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அரசு கேட்டால் நிறுவனங்கள் கொடுக்கும். ஒருமுறை அரசுக்குக் கொடுத்த தகவலைக் கடையில் வாங்குபவருக்குக் கொடுக்க முடியாது என்று பிறகு சொல்ல முடியாது. அடுத்த கல்வியாண்டுக்கான கொள்முதல் அறிவிப்பிலேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.