பூசணிக்காயைத் திட்டி காமனை எழுப்ப முடியாது

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் எங்கள் முகநூலில் ஒரே சண்டை. ஏதோ ஒரு முன்பள்ளியில் டீச்சர்மார் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் கட்டிப் படம் போட்டிருப்பார்கள். உடனே கீழே ஊர் கூடிவிடும். "இது நம்ம கலாசாரமா?" "வெள்ளைக்காரன் போயும் புத்தி போகலையே." "தமிழன் அழியிறது இப்பிடித்தான்." 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31ஆம் திகதி வந்தன. எண்ணெய் வைத்துக் குளித்த கையோடு போனை எடுத்துப் பூசணிக்காயைத் திட்டாதவன் தமிழனே இல்லை என்கிற மாதிரி இருந்தது அன்றைக்கு நிலைமை.

நாங்கள் ஹாலோவீனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எங்களில் பெரும்பாலானோர் பத்து வயது வரை அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனால் முகத்தில் கரி பூசி, தீப்பந்தம் பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற ராத்திரி எங்களுக்கும் இருந்தது. அது மாசி மாதத்தில் வரும். அதற்குப் பெயர் காமன் கூத்து. கலாசாரத்துக்காக இவ்வளவு கொதிக்கிற அண்ணன்மாரிடமும் ஐயாமாரிடமும் எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: நீங்க கடைசியா எப்ப காமன் கூத்து பார்த்தீங்க?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற சமயம் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். பிறகு ரதியும் மன்மதனும் லயம் லயமாக வருவார்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. தோட்டமே மேடை. காம்பரா வாசலில் தட்டோடு நிற்கிற பாட்டியும் கூத்தில் ஒரு ஆள்தான். பௌர்ணமி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி ஒப்பாரி வைப்பாள். பிறகு அவனை எழுப்புகிற சடங்கும் உண்டு. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மற்றக் கூத்துகளும் மலையகத்தில் உண்டு. ஆனால் வாசலுக்கே தேடி வந்தது காமன்தான்.

சின்ன வயதில் எங்களுக்குக் கதை முழுசாக விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டோம். விளங்கியது பயம்தான். தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டதுமே வயிறு கலங்கும். வீரபத்திரன் வருகிறான் என்றால் கட்டிலுக்கு அடியில் பாதிப் பேர், அம்மாவின் சீலைக்குள் மீதிப் பேர். எமன் வேஷம் கட்டினவர் பக்கத்துக் காம்பரா மாமாதான் என்று நன்றாகத் தெரியும். காலையில் பெரட்டில் நின்றவர்தான். தெரிந்தும் பயந்தோம். மறுநாள் நாங்களே சாக்கைப் போர்த்திக்கொண்டு, அடுப்புக் கரியை எடுத்து மீசை வரைந்து, பழைய தகர டின்னைத் தப்பாக்கி, தம்பி தங்கச்சியை அழ வைத்தோம். ஐந்து சதம் செலவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு ராத்திரிக்கு எமனாகலாம். கங்காணியிடம் பகல் முழுக்க ஏச்சு வாங்குகிற ஆள் இரவில் வீரபத்திரனாக வந்தால், கங்காணி வீட்டு வாசலிலும் ஆடலாம். அந்த அனுபவம் கடையில் விற்பதில்லை.

இனி ஹாலோவீனுக்கு வருவோம். "வெளியூர் சரக்கு" என்று திட்டுகிறவர்கள் வெளியூர் எது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. குளிர்காலம் தொடங்குகிற இரவில் செத்தவர்கள் உலவுவார்கள் என்ற நம்பிக்கை அது. பிறகு அது கிறிஸ்தவத்தின் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின இரவோடு சேர்ந்துகொண்டது. ஸ்கொட்லாந்தில் பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவார்கள். சும்மா கையேந்தினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு பாட்டுப் பாட வேண்டும், இல்லை ஒரு செய்யுள் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஆப்பிளோ கொட்டைப் பருப்போ கைக்கு வரும். குடைந்து விளக்கு வைத்ததுகூடப் பூசணி இல்லை, டர்னிப் கிழங்கு. பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழைகளோடு அந்த வழக்கமும் போனது. அங்கே பூசணி மலிவாகக் கிடைத்ததால் கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது.

அதே ஸ்கொட்லாந்திலிருந்துதான் எங்கள் துரைமாரில் பலபேர் வந்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். பூண்டுலோயாவில் இருக்கிற டன்சினன் தோட்டம் ஸ்கொட்லாந்து மலை ஒன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகள் வருகிறார்களே, அந்தக் கதையில் வருகிற அதே டன்சினன். அடையாள அட்டையில் ஸ்கொட்லாந்து விலாசத்தை வைத்துக்கொண்டு ஸ்கொட்லாந்துப் பேயைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்கிறோம்.

ஆக, ஹாலோவீனும் ஒரு காலத்தில் ஏழைகள் ஆடிய கூத்துதான். அதற்கு என்ன நடந்தது? அமெரிக்காவில் பாட்டும் செய்யுளும் கழன்று போயின. இரண்டாம் உலகப்போர் முடிந்து சீனிப் பங்கீடு நின்றதும் மிட்டாய்க் கம்பனிகள் அந்த இரவை வளைத்துக்கொண்டன. இன்றைக்கு அது வேஷத்தை வாங்குகிற இரவு, மிட்டாயை வாங்குகிற இரவு, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாங்குகிற இரவு. நுவரெலியாவில் சில ஹோட்டல்களின் வாசலுக்கு வந்திருப்பது இந்தக் கடைச்சரக்குதான். டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம். உள்ளே கோப்பை கழுவுகிறவர்கள் எங்கள் தோட்டத்துப் பொடியன்கள். பழைய துரை பங்களாவில் துரையின் ஆவி உலாவுகிறது என்றால் அது சுற்றுலா விளம்பரம். ஸ்டோரில் ரோதையைக் காக்கிற ரோதமுனியையும், கவ்வாத்து மலையில் கத்தி எடுக்கும் முன் கும்பிடுகிற கவ்வாத்துசாமியையும் பற்றிச் சொன்னால் மட்டும் "படிச்ச பிள்ளைங்க இதையெல்லாம் நம்பலாமா?" துரையின் பேய்க்கு இருக்கிற மரியாதை எங்கள் முனிக்கு இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். காமன் கூத்து தளர்ந்து போனதற்கு ஹாலோவீன்தான் காரணமா? எந்தத் தோட்டத்திலாவது பூசணிக்காய் வந்து கம்பத்தைப் பிடுங்கியதா? ஒரு தோட்டத்திலும் இல்லை. பிடுங்கியது யார் என்று சொல்கிறோம்.

முதலில் ஆள் இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது அவற்றில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. வேஷம் கட்ட வேண்டிய வயதுக்காரன் கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிறான், சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறான், கட்டாரில் இருக்கிறான். காமன் எரிகிற பௌர்ணமி போயா நாள், காலண்டரில் நாடு முழுக்க லீவு. முதலாளியின் காலண்டரில் அது எங்கே? அதற்கு முந்தின விரத நாட்களுக்கும் ஒத்திகை இரவுகளுக்கும் யார் லீவு கொடுப்பது? கூலி பத்தாமல் ஊரை விட்டு ஓடினவனைப் பார்த்து "கலாசாரத்தை மறந்துட்டான்" என்பது கொழுப்பு.

அடுத்தது நேரம். இரவு முழுக்க ஆடிவிட்டுக் காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்தக் கணக்கில் சிவனுக்கும் சலுகை இல்லை. தீபாவளியைக்கூட முற்பணம் வாங்கித்தான் கொண்டாடுகிறோம். பட்டாசுப் புகை அடங்கின பிறகும் சம்பளத்தில் மாசாமாசம் கழிந்துகொண்டே இருக்கிறது. பண்டிகையையே கடனில் நடத்துகிற சனத்திடம் போய், விரதமும் ஒத்திகையும் ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு முன்னால் சம்பளச் சீட்டை ஒருதரம் பாருங்கள்.

மூன்றாவது, இடம். பொட்டல் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லாத நிலம். கட்டடம் வந்தால் போகும், வாகனத் தரிப்பிடம் வந்தால் போகும். நாங்கள் லயத்துக்காக ஏங்கவில்லை. ஒழுகுகிற தகரத்தை யாரும் பாரம்பரியம் என்று எங்களிடம் விற்க வேண்டாம். தனி வீடு வேண்டும், காணி உறுதி வேண்டும். ஆனால் வீட்டுத் திட்டத்துக்குப் படம் வரைகிறபோது ஒரு பொட்டலையும் சேர்த்து வரைய ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

நாலாவது, வெட்கம். இது எங்கள் பக்கம், படித்தவர்கள் பக்கம். பாடசாலையில் ஓ.எல். வகுப்புக்கு வந்ததும் "கூத்து கீத்துன்னு சுத்தாதே, படிக்கிற வழியைப் பாரு" என்று சொன்னவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அதே பாடசாலையில் தமிழ்த்தின விழா வந்தால் காமன் கூத்து பத்து நிமிஷ நிகழ்ச்சியாகிவிடும். வாடகை உடுப்பு, ஸ்பீக்கரில் பாட்டு, பிரதம விருந்தினர் முன்வரிசையில், ரதி அழுது முடிப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கு மணி. மன்மதன் எரிவதே இல்லை, மேடைக்குத் தீ ஆகாது. பல்கலைக்கழகத்துக்கு வந்தால் அதே கூத்துப் பற்றிக் குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதுகிறோம். மாசிப் பௌர்ணமி வாரத்தில் ஊருக்குப் போக முடியாது, விரிவுரை இருக்கிறது. கூத்தை டிக்கெட் போட்டு விற்பதற்கும், கூத்தைப் பத்து நிமிஷமாக வெட்டிப் பொன்னாடை போர்த்துவதற்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் சனம் கதிரையில் உட்கார்ந்து பார்க்கிறது. யாரும் வாசலுக்கு வருவதில்லை.

அதற்காகப் பழைய கூத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடவும் நாங்கள் தயாரில்லை. ரதியாக ஆடுவது ஆண். புருஷனைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரியை ஓர் ஆண் பாட, நிஜமாகவே பறிகொடுத்த பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி அந்தத் தோட்டத்தையே தாங்குகிற பெண்ணுக்குப் பொட்டலில் கிடைத்த இடம் ஓரம். அதே மாதிரி, தப்பு அடிக்கிறவரைக் கூத்து ராத்திரியில் கொண்டாடிவிட்டுக் கல்யாணப் பேச்சு வந்தால் அந்தக் குடும்பத்தைத் தள்ளி வைக்கிற புத்தி நம் லயங்களில் இன்னும் செத்துப்போகவில்லை. "நம்ம கலாசாரம்" என்று நெஞ்சில் அடிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் அடிக்கிறார்களா? பெண்கள் ரதியாகட்டும், சிவனுமாகட்டும். தப்பு எல்லா வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஏறட்டும். கூத்து மாறினால் செத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த சனத்தோடு வந்து, கோப்பியையும் தேயிலையையும் பார்த்து, இத்தனை காலம் நின்றதே மாறி மாறித்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குப் போகிறபோது காமன் இரவுகளுக்கான சம்பளத்தோடு கூடிய லீவையும் கோரிக்கையில் எழுதுங்கள். புது வீட்டுத் திட்டம் ஒவ்வொன்றிலும் பொட்டலுக்கு நிலம் ஒதுக்கி, அதை ஊரின் பெயரில் எழுதுங்கள். பாடசாலைகள் கூத்து மாஸ்டரை விழா அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு மாலை போடாமல், வாராவாரம் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்துப் படிப்பிக்கச் சொல்லுங்கள். மாஸ்டர்மாரின் பாட்டுக் கொப்பிகள் கரையான் தின்பதற்குள் படமெடுத்து வையுங்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்களுக்கு அது கஷ்டமான வேலையே இல்லை, கையில் போன் இருக்கிறது.

அக்டோபர் 31இல் பிள்ளைகள் பேய் வேஷம் போட ஆசைப்பட்டால் போடட்டும். ஒரே ஒரு நிபந்தனை: கடை முகமூடி வேண்டாம். கரியும் சாக்கும் மட்டையும் எடுத்துத் தாங்களே செய்யட்டும். வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடட்டும், ரோதமுனியின் கதையைச் சொல்லட்டும், அப்புறம் டொபியைக் கேட்கட்டும். அயர்லாந்துப் பாட்டியும் எங்கள் பாட்டியும் அதை ஒத்துக்கொள்வார்கள்.

முகநூல் கலாசாரக் காவலர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. அடுத்த மாசி அமாவாசைக்கு முன்னால் உங்கள் தோட்டத்தில் காமன் பொட்டல் எது, அது இப்போது யார் கையில், கூத்து மாஸ்டர் உயிரோடு இருக்கிறாரா, அவருடைய கொப்பி எங்கே என்று போய் விசாரியுங்கள். பதிலை முகநூலில் போடுங்க. அதுக்கு நாங்க எல்லாருமா வந்து கருத்துச் சொல்றோம்.