இயங்குதளக் கருவின் வரைபடம்: பரப்பும் தடமும்

லினக்ஸ் இயங்குதளக் கருவின் மூலநிரலைக் காட்சிப்படுத்தும் படங்கள் பலவும் கோப்புறை அடுக்கையே அமைப்பு எனக் கொள்கின்றன. கோப்புறைக்கு ஒரு கட்டம், வரி எண்ணிக்கைக்கேற்ப அதன் பரப்பு என்பதே அவற்றின் இலக்கணம். இதனை ஏற்பதற்கில்லை.

1991இல் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளோடு வெளிவந்த லினக்ஸ், 1994இல் 1.0 பதிப்பில் 1,76,250 வரிகளைக் கொண்டிருந்தது; 2020இல் 2 கோடியே 70 இலட்சத்தைக் கடந்திருந்தது. இப்பெருக்கமே படத்தின் தேவையை உண்டாக்கியது. ஆயின் இவ்வரிகளுள் பாதிக்கு மேற்பட்டவை ‘டிரைவர்ஸ்’ கோப்புறையிலுள்ள வன்பொருள் இயக்கிகள். அவை தாளை நிறைத்துக்கொள்ள, எப்பணி எப்போது செயலியைப் பெறும் என முடிவுசெய்யும் பகுதி ஓரத்தில் புள்ளியாகச் சுருங்குகிறது. ஒரு கணினிக்கெனத் தொகுக்கப்படும் கருவிலோ அவ்வியக்கிகளுள் சிலவே இடம்பெறும்.

செயற்கூறுகளுக்கிடையிலான அழைப்புகளைக் கோடுகளாக வரையும் முறை இதனினும் மேம்பட்டதே. எனினும் அதற்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கோப்பொன்றைப் படிக்குமாறு பயனர் நிரல் கேட்கும்போது, ‘விஎஃப்எஸ்_ரீட்’ என்னும் செயற்கூறு எந்தக் கோப்பு முறைமையையும் பெயர்சொல்லி அழைப்பதில்லை. திறந்த கோப்போடு பிணைந்த ‘ஃபைல்_ஆபரேஷன்ஸ்’ அட்டவணையிலுள்ள சுட்டியைப் பின்பற்றிச் செல்கிறது. அச்சுட்டி ‘ஈஎக்ஸ்டி4’ முறைமைக்கோ ஒரு முனையத்திற்கோ இட்டுச்செல்லலாம்; எது என்பது இயங்கும்போதே தெளிவாகும். நிரலின் எழுத்தை மட்டும் ஆராய்ந்து வரையும் கருவி இவ்விடத்தில் கோட்டை நிறுத்திவிடும். அல்லது எல்லாத் திசைகளிலும் இழுத்துப் படத்தைப் புதராக்கிவிடும். பழைய நிரலைத் திருத்தாமலே புதிய கோப்பு முறைமையைச் சேர்க்க வழிசெய்யும் மூட்டுவாய் இதுவே. கருவின் அமைப்பு என ஒன்றைச் சுட்ட வேண்டின் இதனையே சுட்டுவேன்; படத்தில் காணாமற்போவதும் இதுவே.

1970களின் பிற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ஏறத்தாழ 9,000 வரிகளைப் பயிலத்தக்க வரிசையில் பகுத்தடுக்கி, வரியெண் இட்டு, தனி நூலாக உரை வகுத்தார். (உரைமரபில் பழகிய நம் துறையினர்க்கு இம்முறை புதிதன்று.) படமின்றியே அவ்வரிசை வழிகாட்டியது.

இன்றைய லினக்ஸ் முழுமைக்கும் அவ்வாறு உரை எழுதுதல் இயலாது. ஆயினும் ஒரே ஒரு ‘ரீட்’ அழைப்பு பயனர் நிரலிலிருந்து வட்டுவரை சென்று மீளும் தடத்தை வரைந்து, சுட்டி குறுக்கிடும் இடங்களை வேறு நிறத்தால் காட்டி, ஒவ்வொன்றிற்கும் நான்கு வரி விளக்கம் தருதல் ஒரு பருவத்தில் மாணவர் குழு முடிக்கக்கூடிய பணி. லினக்ஸிலேயே அமைந்த ‘எஃப்டிரேஸ்’ கொண்டு இயங்கும் கருவினின்றே அத்தடத்தைப் பெறலாம். பிழை நேருங்கால் செல்லும் கிளைகள் அதில் புலப்படா; அவற்றை நிரலைப் படித்தே சேர்க்க வேண்டும்.